சிவ்ரி செவர்லேயும் குர்லா டாட்ஜும்

மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு நாள் மாட்டுங்காவிலிருந்து எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வயது எண்பத்து மூன்று. "நீங்க ரயில்வேல இருந்தவர், இரும்பைப் பத்தித் தெரிஞ்சவர். எங்க கட்டடத்தை இடிச்சுக் கட்டப் போறா. கேரேஜைக் காலி பண்ணணுமாம். உள்ளே மாமனாரோட வண்டி நிக்கறது. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ" என்றார்.

மறுநாள் போனேன். ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் அந்தக் காலத்து மூன்று மாடிக் கட்டடம். பின்புறம் ஓடு வேய்ந்த கேரேஜ். கதவைத் திறக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. பழைய பாய்களுக்கும் கொலுப் படிகளுக்கும் நடுவே, தூசியைப் போர்த்திக்கொண்டு ஒரு 1938 செவர்லே மாஸ்டர் நின்றது. 1988-க்குப் பிறகு அது ஓடவில்லையாம். மாமியின் மகன்கள் இருவரும் வெளிநாட்டில். "எடைக்குப் போட்டுவிடு அம்மா" என்கிறார்கள். மாமிக்கு மனம் ஒப்பவில்லை.

இதே நேரத்தில் தாராவியில் பிறந்து வளர்ந்து இப்போது கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், பழைய அமெரிக்கக் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று சில மாதங்களாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் வைத்திருந்தது செம்பூரில் ஒரு பங்களாவின் பின்கட்டில் நின்ற 1951 டாட்ஜ் கிங்ஸ்வே. கையிலோ ஒரு வண்டிக்குத்தான் பணம். எதை வாங்குவது என்று என் தலையில் பொறுப்பைப் போட்டுவிட்டார். நானும் இரண்டு வண்டிகளையும் கீழே படுத்துப் பார்த்து, நோட்டில் குறித்து வைத்தேன். பழைய கார் சேர்க்கும் ஆசை நம்மவர் சிலருக்கும் வந்திருப்பதால், அந்தக் குறிப்புகளை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டுமே நம்மூர்ப் பிள்ளைகள்

அமெரிக்கக் கார் என்றதும் கப்பலில் முழு வண்டியாக வந்து இறங்கியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இவை இரண்டும் இதே பம்பாயில் பூட்டப்பட்டவை. அதுவும் நாம் தினம் கடந்து போகும் ரயில் நிலையங்களின் அருகில்!

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-ல் சிவ்ரியில் தொழிற்சாலை தொடங்கியது. உதிரி பாகங்கள் பெட்டி பெட்டியாகத் துறைமுகத்தில் இறங்கும். அங்கே பூட்டி, வண்ணம் அடித்து, வலப்பக்க ஸ்டியரிங்கோடு செவர்லே கார்களும் லாரிகளும் வெளியே வரும். துறைமுகமும் ரயில் பாதையும் பக்கத்திலேயே இருந்தது அந்த இடத்தின் வசதி. அங்கிருந்து நாடெங்கும் போயின. நம் தென்னாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றவர்களில் முக்கியமானவர்கள் மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரிவாயுவில் கார் ஓட்டும் சாதனத்தையும் அவர்கள் செய்து விற்றார்கள். நம் கிராமங்களில் காரையே "பிளசர்" என்று அழைத்த காலம் அது. அந்தப் பிளசர்களில் கணிசமானவை சிவ்ரியில் பிறந்தவை.

டாட்ஜின் கதை வேறு. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தை ஏற்படுத்தி, அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார். குர்லா தொழிற்சாலையிலிருந்து 1947-ல் வண்டிகள் வரத் தொடங்கின. டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ என்று பெயர்கள் மூன்று. முன்பக்க கிரில்லும் அலங்காரப் பட்டைகளும் மாறும், அடியில் பெரும்பாலும் ஒரே வண்டிதான். ஊர்ப்பக்கம் ஓடிய டாட்ஜ், ஃபார்கோ லாரிகளும் இந்தக் குர்லா வண்டிகளே.

சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் வேண்டாம், இங்கேயே பாகங்களைச் செய்பவர்கள் இருக்கட்டும் என்று 1953-ல் முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954-ல் கடையைக் கட்டின. பிரீமியர் மட்டும் இத்தாலிய ஃபியட் 1100-ஐத் தயாரித்து நிலைத்தது. அதுவே பிற்பாடு பத்மினியாகி, நம் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாகி, 2023 அக்டோபரில் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றது.

ஆக, செவர்லே வெள்ளைக்காரர் காலத்துப் பிள்ளை. டாட்ஜ் சுதந்திர இந்தியாவின் பிள்ளை. இரண்டுக்கும் வயது வித்தியாசம் பதின்மூன்று ஆண்டுதான். நடுவில் ஓர் உலகப் போரும் ஒரு தேச விடுதலையும் கடந்துபோயின.

என்ஜினைத் திறந்தால்

இரண்டிலும் வரிசையாக ஆறு சிலிண்டர். செவர்லேயின் கொள்ளளவு 216.5 கன அங்குலம், டாட்ஜ் 217.8. நம் கணக்கில் இரண்டும் மூன்றரை லிட்டர் சொச்சம். ஃபியட் என்ஜினைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! தயாரிப்பாளர் கணக்குப்படி செவர்லேக்கு 85 குதிரைத்திறன், டாட்ஜுக்கு 97.

இங்கே ஒரு வேடிக்கை. செவர்லே 1929-லேயே வால்வுகளை சிலிண்டருக்கு மேலே வைத்துவிட்டது. நான்கு சிலிண்டர் விலைக்கு ஆறு சிலிண்டர் என்று விளம்பரம் செய்து விற்ற என்ஜினின் வாரிசுதான் 1937-ல் வந்த இந்த 216. இன்றைய கார்களிலும் வால்வு மேலேதான். டாட்ஜோ 1951-லும் வால்வுகளைப் பக்கவாட்டில் வைத்திருந்தது. தலையைப் பார்த்தால் வயதில் மூத்த செவர்லேதான் நவீனம்.

ஆனால் காலைப் பார்க்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடுகளில் செவர்லே ஒயிட் மெட்டலை நேரடியாக உருக்கி வார்த்திருக்கிறது. எண்ணெயும் முழு அழுத்தத்தில் அங்கே போவதில்லை. ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி, சம்பில் உள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளிக்கொள்ள வேண்டும். வேகம் கூடினால் ஒரு குழல் அதன் மேல் எண்ணெயைப் பீய்ச்சும். டாட்ஜில் ஒவ்வொரு பேரிங்குக்கும் எண்ணெய் அழுத்தத்தோடு போகிறது. பேரிங்குகளும் கழற்றி மாட்டும் ஓடுகள். தேய்ந்தால் புதியதைச் செருகிக்கொள்ளலாம்.

ரயில்வேக்காரர்களுக்கு இது சட்டென விளங்கும். 1980-களின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய சரக்கு வாகன்களின் ஆக்ஸில் பாக்ஸில் இதே ஒயிட் மெட்டல்தான். எண்ணெய் ஊறிய பஞ்சை அடைத்திருப்பார்கள். பஞ்சு காய்ந்தால் ஆக்ஸில் கொதிக்கும். வழியில் வாகனைக் கழற்றிப் போட வேண்டியதுதான். ரோலர் பேரிங் வந்த பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. செவர்லே பழைய வாகன் மாதிரி. டாட்ஜ் அடுத்த தலைமுறை.

இதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. இளவயதில் நண்பரின் 1940-களின் செவர்லே ஒன்றை, இதே 216 என்ஜின், கண்டாலா மலைச்சாலையில் நான்தான் ஓட்டினேன். அந்த மலையில் ரயில் பாதையின் ஏற்றம் 37-க்கு 1. அந்தக் காலத்தில் பின்னால் பாங்கர் இன்ஜின் தள்ளாமல் ரயிலே ஏறாது. இளமைத் திமிரில் நான் எண்ணெயின் அளவைக்கூடப் பார்க்காமல் ஏற்றத்தில் முழு வேகம் கொடுத்தேன். பாதி மலையில் டொக் டொக் என்று ஓசை. நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. உச்சிக்குப் போகுமுன் ஒயிட் மெட்டல் உருகி ஓடிவிட்டது. நண்பர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அந்த வண்டி பிறகு ஓடவே இல்லை.

ஆகவே நீண்ட காலம் நின்ற செவர்லே கிடைத்தால் "ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முதலில் சம்பைக் கழற்றுங்கள். தொட்டிகளில் படிந்த சேற்றை வழியுங்கள். ராடு மூடிகளுக்கு இடையே மெல்லிய தகடுகள் இருக்கும். தேய்மானத்துக்கு ஏற்ப அவற்றை எடுத்து இடைவெளியைச் சரி செய்யலாம். தகடு தீர்ந்துவிட்டால் மறுபடி ஒயிட் மெட்டல் வார்க்க வேண்டும். உருக்கி ஊற்றி, நீலம் தடவி, சுரண்டிப் பொருத்தும் கைப்பழக்கம் உள்ள மிஸ்திரிகள் இன்று வெகு குறைவு.

ஓட்டுபவருக்கு

செவர்லேயில் சாவியைத் திருகினால் என்ஜின் பேசாது. தரையில் உள்ள ஸ்டார்ட்டர் மிதியைக் காலால் அழுத்த வேண்டும். கியர் தரையிலிருந்து எழும் நீண்ட கம்பி. டாட்ஜில் சாவியாலேயே ஸ்டார்ட் ஆகும். கியர் ஸ்டியரிங் கம்பத்தில். பத்மினி ஓட்டியவர்களுக்கு டாட்ஜ் உடனே கைவரும்.

பிரேக் இரண்டிலும் ஹைட்ராலிக். செவர்லே 1936-ல்தான் இதற்கு மாறியது. ஆகவே 1936-க்கு முந்தைய செவர்லே வாங்குவோர், மும்பைப் போக்குவரத்தில் கம்பியால் இழுக்கும் பிரேக்கை நம்பத் தயாரா என்று யோசித்துக்கொள்ளவும். டாட்ஜின் கை பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பாக்ஸின் பின்புறம் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. நிறுத்திய பிறகு போட மட்டுமே அது. ஓட்டத்தில் இழுத்தால் வண்டி உதறும்.

டாட்ஜின் இடப்பக்கச் சக்கர போல்ட்டுகளுக்கு மரை தலைகீழ். வலமாகத் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் நீளக் குழாயைச் செருகி மிதித்து போல்ட்டை உடைத்தவர்கள் ஏராளம். செவர்லேயில் வேறு வில்லங்கம்: புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு மூடிய குழலுக்குள் ஓடுகிறது. கிளட்ச் மாற்றப் போனால் பின் ஆக்ஸிலையே நகர்த்த வேண்டிவரும்.

மின்சாரம் இரண்டிலும் 6 வோல்ட். செவர்லேயில் பாட்டரியின் நெகட்டிவ் உடம்போடு சேரும், டாட்ஜில் பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். இன்றைய 12 வோல்ட் கேபிளைப் போட்டால் ஸ்டார்ட்டர் முனகும். 6 வோல்ட்டுக்குத் தடித்த கேபிள் வேண்டும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால், பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் டயஃப்ரத்தையும் அதைத் தாங்கும் ரகத்தில் மாற்றிவிடுவது உத்தமம்.

உட்கார சுகம் டாட்ஜில்தான். கிரைஸ்லர் தலைவராக இருந்த கே.டி. கெல்லர், தொப்பியைக் கழற்றாமல் ஏறி இறங்கும்படி கார் உயரமாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். பார்வைக்கு அது சற்றே தொந்தியுள்ள வண்டி. ஆனால் தலைப்பாகை கட்டிய பம்பாய் சேட்களுக்கு அதைவிடப் பொருத்தமான கார் ஏது? அழகு என்று பார்த்தால் செவர்லேயின் நீண்ட மூக்கும் தனித்து நிற்கும் மட்கார்டுகளும்தான் கண்ணை நிறைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2021 ஜூலையில் பழங்கால வாகனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய, அசல் நிலையில் பராமரிக்கப்பட்ட, சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு இது பொருந்தும். மாநில எழுத்துக்களுக்குப் பின் 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு எண் தருவார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அதன் பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு இவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். காய்கறி வாங்கப் போகக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி. புத்தகம் வேண்டும். ஆகவே காரைப் பார்க்குமுன் புத்தகத்தைப் பாருங்கள். அதிலுள்ள சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் விளக்குப் பிடித்து வண்டியில் சரிபாருங்கள்.

சேகரிப்பாளர் வழக்கில் 'விண்டேஜ்' என்பது 1919 முதல் 1930 வரை. நம் செவர்லே அதற்கடுத்த 1931–1945 வகுப்பு. டாட்ஜ் 1946–1960 வகுப்பு. பேரணியில் இரண்டும் ஒன்றோடொன்று மோதாது.

இரண்டு வண்டிகளின் ஜாதகம்

மாமியின் செவர்லேயில் என்ஜின் அசல். ஆர்.சி. புத்தகத்தின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தாலும் எண்கள் தெளிவாக இருந்தன, வண்டியோடு பொருந்தின. தரைத் தகடு இரண்டு இடத்தில் துரு. சீட் உறை நைந்திருந்தது. அது பெரிய விஷயமில்லை; தாராவியில் நம் திருநெல்வேலிக்காரர்கள் தலைமுறையாகத் தோல் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள்.

செம்பூர் டாட்ஜின் பானெட்டைத் திறந்ததும் எனக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. உள்ளே டீசல் என்ஜின். 1973-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறிய பிறகு, பெட்ரோல் செலவு கட்டாமல் பெரிய அமெரிக்கக் கார்கள் பலவற்றுக்கு இப்படி டீசல் இதயம் பொருத்தினார்கள். இதற்கும் 1980-ல் மாற்றியிருக்கிறார்கள். அசல் ஆறு சிலிண்டர் எங்கே போயிற்றோ. இந்த நிலையில் 'வி.ஏ.' எண் கிடைப்பது கடினம்.

நான் தம்பியிடம் கணக்காகச் சொன்னேன்: "தம்பி, செவர்லே அசல். வயது கூடுதல், மதிப்பும் கூடும். டாட்ஜ் ஓட்டச் சுகம், பாகமும் கிடைக்கும். அதே குடும்பத்து என்ஜின் அமெரிக்காவில் 1959 வரை கார்களில் வந்தது. ஆனால் இந்த டாட்ஜ் அசல் இல்லை. சேகரிப்பாளர் கண்ணுக்கு இது குறை வண்டி. செவர்லேயை வாங்கிக்கொள்."

அவர் பதில் பேசாமல் டாட்ஜின் கதவைத் திறந்து, டாஷ்போர்டில் இருந்த இரண்டு சிறு துளைகளைத் தொட்டுக் காட்டினார். "அங்கிள், இது திருச்செந்தூர் முருகன் படம் இருந்த இடம். அப்பா மாட்டினது. சேட் ஒண்ணும் சொல்லலையாம்."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அவர் தந்தை தாராவியிலிருந்து தினமும் செம்பூருக்கு வந்து அந்தப் பங்களாவில் டிரைவராக இருந்தவர். 1978-லிருந்து பன்னிரண்டு வருடம் இந்த டாட்ஜை ஓட்டியவர். இப்போது இல்லை. பையன் அந்தக் காரில் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறான். அம்மைக் காய்ச்சலில் சயான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது.

"அசல் பெட்ரோல் என்ஜின் தேடிப் போட்டுவிடலாமே" என்றேன்.

"எங்கப்பா ஓட்டினது பெரும்பாலும் இந்த டீசல் வண்டிதான் அங்கிள். எனக்கு இதுதான் அசல்" என்றார்.

நாற்பது வருடம் மைக்ரோமீட்டர் பிடித்த எனக்கு அதற்கு மறுமொழி இல்லை. டாட்ஜையே வாங்கினார். வழக்கமான பதிவில், தகுதிச் சான்று பெற்று வைத்துக்கொள்ளப் போகிறார். பேரணிப் பரிசு கிடைக்காது. அவர் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து செட்டா நகர் முருகன் கோயிலுக்கு ஒரு நடை போய் வந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் காரில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

செவர்லேக்கு ஓர் இடம் வேண்டும்

மீதி இருப்பது மாமியின் செவர்லே. என் யோசனையை நம்பி நல்ல செய்தி வரும் என்று காத்திருந்தவர். நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பையன் செஞ்சதுதான் சரி" என்றார். எங்கள் சிவ்ரிப் பிள்ளை இன்னும் அந்தக் கேரேஜில்தான் நிற்கிறது. கட்டடத்தைக் காலி செய்ய மூன்று மாதம் கெடு. சம்பைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். ராடுகளில் தகடுகள் மிச்சமிருக்கின்றன. ஒயிட் மெட்டல் நன்றாகவே இருக்கிறது. பொறுமையாகச் செய்தால் ஓடும்.

இன்று சிவ்ரி என்றால் ஃபிளமிங்கோப் பறவைகளும், 2024-ல் திறந்த அடல் சேது பாலமும்தான் நினைவுக்கு வருகின்றன. குர்லாவில் பிரீமியர் பெயர் ஒரு சாலையில் நிற்கிறது. அங்கே பிறந்த வண்டிகளும் எடைக்குப் போய்விட்டால் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

கூரையுள்ள இடமும் பொறுமையும் உள்ள அன்பர்கள் யாரேனும் இருந்தால் நம் சங்க அலுவலகத்தில் சொல்லி வைக்கவும். மாமியின் நிபந்தனை இரண்டு: தரகர் வரக் கூடாது, வண்டி ஓட வேண்டும். பழுது பார்க்கும் நாட்களில் உடனிருந்து கைகொடுக்க நான் தயார், கூலி வேண்டாம். கண்டாலா மலையில் ஒரு பழைய கடன் எனக்கு பாக்கி இருக்கிறது.